ஒன்பதாம் பகுதியின் பதினொரு நிமிடங்கள்

பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க யூக்கலிப்டஸ் எண்ணெய் மணந்தது. மூன்றரை வருடமாக நிலவறையில், என் வீட்டு இலக்கம் எழுதிய கம்பிக் கூண்டுக்குள் கிடந்த பெட்டி. மணம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. மெல்பேர்ணிலிருந்து உன் சித்தி அனுப்பிய பொதிக்குள் போத்தல் உடைந்து, புத்தகங்கள் எல்லாம் எண்ணெயைக் குடித்திருந்த அன்று நான் தபால்காரரைத் திட்டிக்கொண்டு நின்றேன். நீ ஒரு புத்தகத்தை முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தாய். "இனி எங்களுக்குத் தடிமன் வராது மச்சான். ஆளுக்கொரு பக்கம் மணந்தாக் காணும்."

பெட்டியை நான் சும்மா திறக்கவில்லை. உன் அப்பா நாளைக்கு வருகிறார்.

போன கிழமை, வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார். உன் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. சுகம்கூட விசாரிக்காமல் நேரே கேட்டார்: "தம்பி, அவன் அண்டைக்கு ஹோலில காட்டின படம் உன்னட்டை இருக்கோ?"

"இருக்கு மாமா."

"கண் டொக்டரிட்டை ஒஸ்லோ வாறன். கண்ணில கத்தி வைக்க முன்னம் அதை ஒருக்காத் திரும்பப் பாக்கவேணும்."

சனிக்கிழமை வாங்கோ என்றேன். வைத்துவிட்டு அரை மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் அப்படி இருக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அவர் திரும்பப் பார்க்கக் கேட்கும் படத்தை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. அது உனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நாளைக்கு அதைச் சொல்வதா, விடுவதா? சொல்லாமல் விடுவது சுலபம். டிஸ்க்கைப் போட்டு, அன்று அமத்திய அதே பொத்தானை அதே இடத்தில் இன்னொரு முறை அமத்தினால் முடிந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் ஒரு முறை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் நாளைக்கு வாய் வரும் என்று ஒரு நம்பிக்கை.

பெட்டிக்குள் ரிமோட்டும் இருக்கிறது. அதன் முதுகில் நீ ஒட்டிய பிளாஸ்ரர், அதில் நீலப் பேனாவால் ஒரு 4. திரைப்படக் கம்பனிகள் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கின்றன. அவுஸ்திரேலியா நான்கு, நாங்கள் இரண்டு. அங்கே வாங்கிய டிஸ்க் இங்கே ஓடாது. சித்தி அனுப்பிய முதல் டிஸ்க்கை நீ போட்டுவிட்டு, வெறும் நீலத் திரைக்கு முன்னால் பத்து நிமிடம் பேசாமல் இருந்தாய். நான் ரிமோட்டைப் பறித்து, இணையத்தில் தேடி எடுத்த எட்டு இலக்கங்களை அமத்தினேன். ஓடியது. "அகதி விசா குடுத்திட்டாய்" என்றாய். நாங்கள் இந்த வீட்டில் சேர்ந்திருக்கத் தொடங்கி அப்போது இரண்டு மாதம்தான். பொறியியல் கல்லூரியில் முதல் வருடம். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடி, கீழே கடைத்தொகுதி, ஜன்னலுக்கு நேரே மற்றக் கோபுரத்தின் ஒன்பதாம் மாடி.

அதற்குப் பிறகு நீ விரிவுரைக்கு வந்த நாட்களை விரலில் எண்ணலாம்.

உண்மையைச் சொல்கிறேன், சித்தி அனுப்பிய உன் அவுஸ்திரேலிய அறிவியல் கதைகள் என் பொறுமையைச் சோதித்தவை. அறிவியல் கதை என்றால் அறிவியல் இருக்கவேண்டும். உன்னுடையவற்றில் வெயிலும் புழுதியும் மூன்று மனிதரும் இருந்தார்கள். கடல் ஏறி வந்து ஊரை மூடியபின் உச்சி மாடிகளில் வாழும் குடும்பங்களைப் பற்றி ஒரு நாவல். அந்தக் கட்டடத்தின் அத்திவாரம் உப்புத் தண்ணீரில் எத்தனை வருடம் நிற்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட, நீ அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்கு அடையாளமாக வைத்தாய். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் எடுத்த ஒரு சின்னப் படத்தில் வேற்றுக்கிரகத்தார் பாலைவனத்தில் வந்து இறங்குகிறார்கள். நாற்பது வருடமாக ஒருவரும் கவனிப்பதில்லை. கடைசியில் அவர்கள் நெடுஞ்சாலையில் ஒரு பெற்றோல் செற் போட்டு நடத்துகிறார்கள். நீ சோபாவிலிருந்து விழுந்து சிரித்தாய். "எங்கட ஆக்களடா! அப்பிடியே எங்கட ஆக்கள்!"

ஒருநாள் கடுப்பில் கேட்டேன், அமெரிக்கப் படத்தில் இல்லாத எதை இதில் கண்டாய் என்று. நீ தேத்தண்ணியை ஆற்றியபடி சொன்னாய்.

"அமெரிக்கக்காரன்ர கதையில உலகம் அழியப்போகுது, ஒருத்தன் வந்து காப்பாத்துவான். இவையின்ர கதையில உலகம் போன கிழமையே முடிஞ்சுது. ஒருத்தன் நிண்டு தண்ணிப் பைப்பைத் திருத்திறான்."

"பைப் திருத்திறதைப் பாக்க நான் ஏன் ரீவி பாக்கவேணும்? கீழை வக்ட்மெஸ்டரைப் பாத்தாக் காணுமே."

"அதுதானே நானும் சொல்லுறன். நீ அந்தாளை ஒருநாளும் பாத்ததில்லை."

கட்டடப் பராமரிப்பாளரை நான் பார்த்ததில்லை என்பது உண்மைதான். இன்றைக்கும் அந்த மனிதரின் பெயர் தெரியாது.

இன்னொரு நாள் நீ அதைவிடத் தீவிரமாகப் பேசினாய். அந்த மண்ணின் பழைய மக்களில் ஒருத்தி எழுதிய கதையை வாசித்து முடித்திருந்தாய். உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று மற்றவர்கள் கற்பனை செய்வதை அவள் தன் குடும்பத்து வரலாறாக எழுதியிருந்தாள். அவர்களுக்கு அழிவு கப்பலில் வந்து இறங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. "கப்பலில வந்த ஆக்கள் எழுதினாலும் சரி, முந்தியே இருந்த ஆக்கள் எழுதினாலும் சரி, அங்கை மண்தான் பெரிய ஆள்" என்றாய். "பாட்ஸ்பியோர்ட்டும் அப்பிடித்தான். மரம் இல்லை. காத்துத்தான். நடுவில ஒரு மீன் பக்டரி, அதுக்குள்ள எங்கட அப்பாமார். வெளியில இருந்து பாத்தா வேற்றுக்கிரகம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்கை இன்ரநெற் ஸ்பீட் எப்பிடி?" என்றேன்.

பிறகு அந்தப் படம் வந்தது.

தொண்ணூற்றுநான்கு நிமிடம். கடற்கரை நகரமொன்றிலிருந்து பாலைவனத்தின் நடுவரைக்கும் ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. வழியில் ஒன்பது பம்ப் நிலையங்கள். ஒரு திருத்துநன் ஒரு பழைய ட்ரக்கில் நிலையம் நிலையமாகப் போய், பழுது பார்த்து, வானொலியில் நகரத்துக்கு அறிக்கை சொல்கிறான். மூன்றாம் நிலையத்துக்குப் பிறகு நகரத்திலிருந்து பதில் வருவதில்லை. என்ன நடந்தது என்று படம் கடைசிவரை சொல்லாது. அவன் தொடர்ந்து போகிறான், திருத்துகிறான், அறிக்கை சொல்கிறான். வழியில் ஆங்காங்கே சில மனிதர்கள் அவனோடு பேசுகிறார்கள்.

"இவ்வளவு தூரத்துக்கு ஒன்பது பம்ப் காணாது. உராய்விலேயே அழுத்தம் செத்துப்போகும்" என்றேன்.

"ம்."

"பதில் வராட்டி முதல்ல அன்ரெனாவைப் பாக்கவேணும். உவன் பாக்கேல்ல."

"ம்."

"பதில் சொல்ல ஆளே இல்லையெண்டா உவன் ஆருக்குத் தண்ணி அனுப்புறான்?"

"உதைத்தான் படமும் கேக்குது விசரா. பேசாமப் பார்."

அந்த வருடம் மெல்பேர்ணில் ஒரு திரைப்படக் கல்லூரி உனக்கு இடம் தந்தது. பெப்ரவரியில் தொடக்கம். கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வரி வாசிப்பாய். ஆனால் அப்பா ஓம் என்று சொல்லாமல் போகமாட்டேன் என்றாய். இருபத்திரண்டு வயது ஆளுக்கு அப்பாவின் அனுமதி எதற்கு என்று நான் கேட்டேன். "அவர் இருபது வருசம் ஐஸில கை வச்சுக்கொண்டு நிண்டது நான் இன்ஜினியர் ஆக. அவரிட்டைச் சொல்லாமப் போனா நான் எங்கை போனாலும் அது ஓடிப்போனது மாதிரித்தான்" என்றாய்.

அவர் தொலைபேசியில் சொன்னதை நானும் கேட்டேன், நீ ஒலிபெருக்கியில் போட்டிருந்தாய். "நான் ஒருக்கா நாடு விட்டு வந்தது காணும். நீ இன்னொருக்கா வெளிக்கிட வேண்டாம்." பிறகு: "சரி, அப்பிடி என்னதான் இருக்கு? ஒரு படத்தைக் காட்டு. பாத்திட்டுச் சொல்லுறன்."

ஒக்டோபரில் அவர் ஒரு கலியாணத்துக்கு ஒஸ்லோ வருவதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல். படம் போட உனக்கு நேரம் ஒதுக்கித் தந்தார்கள். வீட்டிலேயே காட்டலாமே என்றேன். "வீட்டில எண்டா அரை மணித்தியாலத்தில குறட்டை விடுவார். சனத்துக்கு நடுவில இருத்தினா எழும்பமாட்டார்."

அவருக்கு ஆங்கிலம் விளங்காது. ஆகவே தமிழ் வசன வரிகள் போடவேண்டும். நீ மொழிபெயர்த்தாய், நான் ஏற்றினேன். மூன்று கிழமை. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி உள்ளே தள்ளுவதற்கு நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். இன்றைக்கும் நான் எழுதியவற்றில் நல்ல நிரல் அதுதான். நீ எல்லோரையும் யாழ்ப்பாணப் பேச்சில் பேசவைத்திருந்தாய். எழுத்துத் தமிழில் போடு, அதுதான் முறை என்றேன். "பாலைவனத்தில நட்டுப் பூட்டிறவன் செந்தமிழிலே கதைப்பான்?" என்றாய். சரி, அதில் நீ வென்றாய்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். வரி ஏற்றும்போது நான் படம் பார்க்கவில்லை. மென்பொருள் ஒரு வசனத்திலிருந்து அடுத்த வசனத்துக்குத் தாவும், நானும் தாவினேன். டிஸ்க்கில் படம் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது; ஒன்பதாம் பகுதி பதினொரு நிமிடம். அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே அங்கே எனக்கு வேலையில்லை. நீ முதல் தடவை போட்டபோதும் அந்த இடத்தில் நான் எழும்பிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று கிழமை அந்தப் படத்தோடு கிடந்தும் ஒன்பதாம் பகுதியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குப் படம் என்று போட்டிருந்தார்கள். நான் இரண்டரைக்கே புரொஜெக்டர், வயர் எல்லாவற்றையும் பூட்டிச் சரிபார்த்துவிட்டு நின்றேன். மூன்றுக்கு மண்டபத்தில் எட்டுப் பேர். மூன்றேகாலுக்கு விளக்கேற்றினார்கள். ஒரு நிமிட மௌனம். தலைவர் பேசினார். தலைவர் பேசியதற்கு நன்றி சொல்ல இன்னொருவர் பேசினார். சின்னப் பிள்ளைகளின் நடனம், பாட்டு நின்றுபோய், முதலிலிருந்து மறுபடி நடனம். மூன்று ஐம்பதுக்கு விளக்கை அணைத்தார்கள். ஐந்தேகாலுக்குப் பூட்டவேண்டும் என்று வக்ட்மெஸ்டர் வாசலில் திறப்புக் கோர்வையோடு வந்து நின்றார். ஐந்தேகால் என்றால் ஐந்தேகால், போன முறை நீங்கள் என்னை ஆறரை வரை நிற்கவைத்தீர்கள் என்றார்.

மூன்று ஐம்பதோடு தொண்ணூற்றுநான்கைக் கூட்டினால் ஐந்து இருபத்துநான்கு. ஒன்பது நிமிடம் மிச்சம் பிடிக்கவேண்டும். முடிவை வெட்ட முடியாது. உன்னைக் கேட்கலாம் என்று பார்த்தேன். நீ முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில், இருட்டில், அசையாமல் இருந்தாய். எழுபது பேரின் முழங்காலைத் தாண்டி வந்து கேட்க எனக்குப் பொறுமை இல்லை. எட்டாம் பகுதி முடிந்து திரை மஞ்சளாகியது. ரிமோட்டில் அடுத்த பகுதிக்குத் தாவும் பொத்தானைப் பெருவிரலால் ஒரு முறை அமத்தினேன். பத்தாம் பகுதி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ மட்டும் திரும்பினாய். இருட்டில் உன் முகம் தெரியவில்லை, தலை திரும்பியது மட்டும் தெரிந்தது.

ஐந்து பதின்மூன்றுக்குப் படம் முடிந்தது. கைதட்டினார்கள். நான் பெருமையாக வயர்களைச் சுற்றினேன்.

வாசலில் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தார்கள். உன் அப்பா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நீ ஒரு கேள்வியும் கேட்காமல் அவருக்கு முன்னால் நின்றாய். அவராகவே தொடங்கினார்.

"படம் பிழையில்லை. ஆனா உவன் ஒரு வேலை செய்ததைக் காணேல்லையே. பம்ப் பம்ப் எண்டு கதைக்கிறான், ஒரு நட்டைக்கூடக் கழட்டேல்ல. வேலை தெரியாத ஆக்கள் எடுத்த படம்."

நீ என்னைப் பார்த்தாய். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நீ திரும்பி அவரிடம் சொன்னாய்: "ஓமப்பா. காட்டேல்லைத்தான்."

"நீயும் அங்கை போய் உதைத்தானே படிக்கப்போறாய். வேலை செய்யாமக் கதைக்கிறது. வேண்டாம்."

"ஓமப்பா."

அவ்வளவுதான். இருபது செக்கனில் முடிந்தது.

ரி-பானே என்ற நிலக்கீழ் ரயிலில் திரும்பினோம். நடுவில் வண்டி மாற நடைமேடையில் நின்றபோது சொன்னாய். பத்து வயதில் பக்டரி ஜன்னலுக்கு வெளியே நின்று அப்பாவைப் பார்த்ததை. வீட்டில் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார், வேலையில் ஒருவரோடும் கதைக்கமாட்டார், கைகள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும் என்றாய். மற்ற நிலையங்களில் வேலை முடிந்த பிறகுதான் காட்டுவார்கள்; ஒன்பதாம் பகுதியில் மட்டும் அந்த மனிதன் ஒரு பம்ப்பைக் கழற்றித் திரும்பப் பூட்டுகிறான். பதினொரு நிமிடம் அதுதான், வேறொன்றும் இல்லை. "அப்பாவைக் காட்டிற படம் எண்டு நான் கண்டது உலகத்திலேயே உது ஒண்டுதான்."

"அப்ப ஏன் அவரிட்டைச் சொல்லேல்ல? நான்தான் வெட்டினனான் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உன்னை அந்த இடத்திலேயே கிழிச்சிருப்பார். பேந்து உன்ர வீட்டில இருக்க விடமாட்டார். எனக்கு ட்வெய்ட்டாவை விட்டா வேற எங்கை இடம்?" சிரிக்கப் பார்த்தாய். வண்டி வந்தது. ஏறும்போது எனக்குப் பின்னால் நின்று கேட்டாய், கோபமில்லாமல், உண்மையாகவே விடை தெரிய விரும்புகிறவன்போல: "பதினொரு நிமிசம் உன்னால சும்மா இருக்க ஏலாதா மச்சான்?"

நான் முந்திப்போய் இரண்டு இருக்கை பிடித்தேன்.

மெல்பேர்ண் கல்லூரிக்கு எழுதி இடத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தாய். நவம்பரில் வடக்கே போனாய், பக்டரியில் ஒரு பருவம் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், பிறகு திரும்பக் கேட்கிறேன் என்று. பெப்ரவரியில் பனிப்புயல் அடித்த ஒரு பின்னேரம், ஊருக்குத் திரும்பும் மலைச்சாலையில் உன் கார் சறுக்கியது. மெல்பேர்ணில் அந்தக் கிழமைதான் வகுப்புத் தொடங்கியது. அங்கே கோடை. நான் கணக்குப் போடுகிற ஆள்; இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டிருப்பேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒஸ்லோவில் நடந்த செத்தவீட்டில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சொல்லியிருக்கவேண்டும். கைகள் அவ்வளவு குளிராக இருந்தன, நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இன்றைக்கு இவ்வளவு போதும். டிஸ்க்கைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

*

ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா நேற்று வந்து போனார்.

மெலிந்திருக்கிறார். வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஐஸுக்குள் நான்கு முழு மீன். "விமானத்தில விட்டவங்களோ?" என்றேன். "மீனைப் பாத்துச் சிரிச்சவங்கள். விட்டிட்டாங்கள்." சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்தார். சோபாவில் உன்னுடைய பக்கத்தில் போய் இருந்தார். அது உன்னுடைய பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மூக்கை உறிஞ்சினார். "என்ன மணக்குது?" பெட்டியைக் காட்டினேன். ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து, என் கணக்குத் தாளைப் பார்த்து, "அவன்ர எழுத்தில்லையே" என்றார். என்னுடையது என்றேன். பத்திரமாகத் திரும்ப அதே பக்கத்தில் வைத்தார்.

"மாமா, போட முன்னம் ஒண்டு சொல்லவேணும்."

"போட்டிட்டுச் சொல்லன்."

"இல்லை. இப்பவே சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் படத்தை முழுசாப் பாக்கேல்ல. நான் நடுவில ஒரு துண்டைத் தாண்டி விட்டனான்."

அவர் ரீவியையே பார்த்தார். அது இன்னும் போடப்படவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிசம்."

"ஏன்?"

"வக்ட்மெஸ்டர் திறப்போடை நிண்டவர். நேரம் காணாது. அதில வசனம் இல்லை, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சனான்."

"அதில என்ன இருக்கு?"

"வேலை. அவன் வேலை செய்யிறது."

கண்ணாடியைக் கழற்றினார். சேட் நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அவனுக்குத் தெரியுமோ?"

"அந்த நேரமே தெரியும்."

"தெரிஞ்சுமோ எனக்கு ஓம் எண்டவன்?"

"ஓம் மாமா. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாது எண்டு."

கண்ணாடியைப் போட்டார். "போடு."

எட்டாம் பகுதி முடிந்து திரை மஞ்சளாகியது. ரிமோட் என் கையில் இருந்தது. பெருவிரல் பழக்கத்தில் தானாக அந்தப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. ரிமோட்டை மேசையில் வைத்தேன்.

அந்த மனிதன் பம்ப்புக்கு முன்னால் குந்துகிறான். மூடியைக் கழற்றுகிறான். ஒவ்வொரு நட்டையும் தொப்பிக்குள் போடுகிறான். உடைந்த வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். நீ போன பிறகு, பெட்டியை நிலவறைக்குக் கொண்டுபோகுமுன், நான் இதைத் தனியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன், எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆறாவது நிமிடம்போல உன் அப்பா முன்னுக்குச் சரிந்தார்.

"வலக்கை ஏலாது உவனுக்கு."

"எங்கை மாமா?"

"பார், இப்ப ஸ்பானரை மாத்திறான். மணிக்கட்டு. நோ வந்தா அப்பிடித்தான் மற்றக் கைக்குப் போகும், நாங்கள் நினைக்கிறதில்லை." தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார். "நடிக்கிறவன் இல்லை உவன். எங்கையோ வேலை செய்தவன்."

கடைசிக் காட்சியில் அந்த மனிதனின் கையிலிருந்து கோப்பை ஏன் நழுவி விழுகிறது என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

படம் முடிந்து பெயர்கள் ஓடி, திரை கறுத்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உதையே அவன் எனக்குக் காட்ட நினைச்சவன்?"

"ஓம் மாமா."

"உன்னில கோவம் இல்லையெண்டு சொல்லமாட்டன் தம்பி."

"சொல்ல வேண்டாம் மாமா."

"ஆனா நானும் ஒரு சொல்லுக் கேக்கேல்ல. ஏன் ராசா இந்தப் படத்தை எனக்குக் காட்டினனி எண்டு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான். தேத்தண்ணி முடிய முன்னம் முடிவு சொல்லிப்போட்டன்." திரும்பவும் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "அந்தத் துண்டைத் திரும்பப் போடு."

மூன்று தரம் பார்த்தோம்.

பிறகு கேட்டார், இது எங்கட வீட்டில ஓடுமோ என்று. ஓடாது, பூட்டு ஒன்று இருக்கிறது, திறக்கவேண்டும் என்றேன். எட்டு இலக்கம்தான், தொலைபேசியிலேயே சொல்லலாம், இரண்டு நிமிட வேலை. அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் வந்து திறந்து விடுறன் மாமா" என்றேன். உன் கார் சறுக்கிய அந்தச் சாலையால் நான் ஒருமுறையும் போனதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பனி விட்டாப்போலை வா. அவசரப்படாதை."

அதற்குள் சமையலறைத் தரையில் ஐஸ் தண்ணீர் வடிந்திருந்தது. எழும்பிப் போனார். பெட்டிக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய கத்தியை எடுத்தார், மெல்லிய, தேய்ந்து ஒடுங்கிய கத்தி. பலகையைக் கழுவி முதல் மீனை வைத்தார். தேத்தண்ணி போடவா, வெளிச்சம் காணுமா, நான் ஏதும் பிடிக்கவா என்று மூன்று கேள்வி என் வாயில் வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கி, முள்ளோடு ஒட்டிக்கொண்டு வால்வரைக்கும் ஒரே இழுவையில் போனது. சதை தாளைப்போலக் கழன்று வந்தது. மறுபக்கம். அடுத்த மீன். அவர் நான் நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மூன்றாவது மீனின் நடுவில் கத்தி சத்தமில்லாமல் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது. அவருக்கே தெரிந்திருக்காது. பத்து வயதில் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்ற உனக்குத் தெரிந்திருக்கும்.

சமையலறைச் சுவரில் எனக்கு நேர் முன்னால் மணிக்கூடு இருக்கிறது. நான்கு மீனையும் அவர் முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று என்னிடம் கேட்காதே. நான் பார்க்கவில்லை.